செத்த பந்தும் தால்சாவும்

உலகத்தில் உள்ள எல்லா நடுவர்களும் பந்து ஓடும்போது ஆட்டத்தைப் பார்ப்பார்கள். பந்து நின்ற பிறகு ஆட்டத்தைப் பார்க்கிற நடுவர் ஒரே ஒருவர்தான். அவர் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். ஊர் வைத்த பெயர் செத்தபந்து பாய். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய வீட்டம்மாவே அவரை "ரெஃப்ரீ, ரேஷன் கடைக்குப் போனீங்களா இல்லையா?" என்றுதான் கேட்பார்.

எனக்கு நாசூக்காக எழுத வராது. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பாஸ்கெட்பால் ஆடுவேன், கத்துவேன், சண்டை போடுவேன். என்னை இந்த ஊரில் அதிகம் கோபப்படுத்திய மனிதர் யார் என்று கேட்டால், வீட்டுக்காரனையும் கரண்டு ஆபீசையும் தாண்டி முதலில் நிற்பவர் இந்தப் பாய்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. பாஸ்கெட்பாலில் நடுவர் விசில் ஊதினால் பந்து செத்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி ஆட்டம் தொடங்கும்வரை அது செத்த பந்து. அந்த நேரத்தில் ஒருத்தன் மேல் ஒருத்தன் மோதுவது சகஜம். ஓடி வருகிறவனுக்கு பிரேக்கா இருக்கிறது? அதை நடுவர் கண்டுகொள்ளக் கூடாது. ஆனால் விசிலுக்குப் பிறகு வேண்டுமென்றே இடித்தால் அது டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். எது தானாகப் பட்டது, எது வேண்டுமென்று பட்டது? மற்ற நடுவர்கள் இதை அரை நொடியில் முடிவு செய்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பாய்க்கு இதுதான் வாழ்க்கை.

"பந்து உசுரோட இருக்கறப்ப எல்லாவனும் இடிப்பான் அப்பு. அது ஆட்டம். செத்த பெறகு இடிக்கிறான் பாரு, அங்கதேன் ஆளு யாருன்னு தெரியும்."

அதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். இடித்த கையைப் பார்க்க மாட்டார். விழுந்தவனைப் பார்க்க மாட்டார். இடித்தவனுடைய கண்ணைப் பார்ப்பார்.

"கண்ணு மொதல்ல எங்க போகுதுன்னு பாரு. பந்து மேல போச்சுன்னா அவன் ஆட்டக்காரன். விழுந்தவன் மேல போச்சுன்னா அவன் மனுஷன். விட்டுறலாம். என்னையப் பாத்தான்னு வையி, அவன்தேன் வேணும்னு இடிச்சவன். குடு டெக்னிக்கல்."

இது நல்லாத்தானே இருக்கிறது என்று நினைப்பீர்கள். அவர் முகத்தை எங்கே வைத்துக்கொண்டு நிற்பார் என்று தெரிந்தால் நினைக்க மாட்டீர்கள். கண்ணைப் பார்க்க வேண்டுமே என்று, இடித்தவன் மூக்குக்கு முன்னால் வந்து, தாடியோடும் வெங்காய வாசனையோடும் நிற்பார். பிறகு அவன் வேறு யாரைப் பார்ப்பான்?

ஒருமுறை வடமதுரை டீமோடு ஆட்டம். விசில் ஊதிய பிறகு அவர்கள் ஆள் ஒருத்தன் எங்கள் ஆள் தோளில் மோதினான். பாய் அந்த நேரம் தும்மிவிட்டார். கண் எங்கே போனது என்று பார்க்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தினார்.

"தம்பி, திரும்ப ஒருக்கா இடி."

"எதுக்கு பாய்?"

"தும்மிட்டேன். பாக்கல. அதே மாதிரி இடி."

வடமதுரைக்காரன் மறுபடி ஓடிவந்து இடித்தான். "இம்புட்டு மெதுவாவா இடிச்ச? உள்ளது மாதிரி இடி" என்றார் பாய். அவன் உள்ளதைவிட அதிகமாக இடித்தான். எங்கள் ஆள் போய் மணலில் விழுந்தான். விழுந்தவன் எழுந்து வந்து திருப்பி ஒரு இடி. வடமதுரை பெஞ்சு முழுக்க உள்ளே வந்தது. எங்கள் பெஞ்சும் போனது. எல்லாம் அடங்கியபின் பாய் தீர்ப்புச் சொன்னார். முதலில் இடித்தது தானாகப் பட்டது, மன்னிப்பு. இடித்துக் காட்டியது வேண்டுமென்று, டெக்னிக்கல்.

"நீங்கதான பாய் இடிக்கச் சொன்னீக!" என்று வடமதுரைக்காரன் அழாத குறையாகக் கேட்டான்.

"நான் இடிக்கத்தேன் சொன்னேன். ரசிச்சு இடிக்கச் சொன்னேனா?"

மைதானத்தோடு இது நின்றிருந்தால் நானும் பொறுத்திருப்பேன். விசில் அவர் கழுத்தை விட்டு இறங்காது. குளிக்கும்போதுகூட இறங்காது என்று அவர் வீட்டம்மா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். ஒருநாள் மேட்ச் ஒன்றுக்காக நாங்கள் இருவரும் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு ஸ்டாப்பில் பஸ் நின்றது. கண்டக்டர் டீ குடிக்க இறங்கினார். பூ மூட்டையோடு ஏறிய ஒருவர் முழங்கையால் பாய் விலாவில் ஒரு இடி கொடுத்து உள்ளே நுழைந்தார்.

பஸ் ஓடும்போது இடித்திருந்தால் பாய் பேசாமல் இருந்திருப்பார். நின்ற பஸ் செத்த பந்து. அந்த ஆள் இடித்துவிட்டுப் பாயையே முறைத்தும் பார்த்துவிட்டார். பாய் விசிலை எடுத்தார். டெக்னிக்கலுக்கு அவர் எப்போதும் இரண்டு முறை ஊதுவார். கண்டக்டர் இரண்டு முறை ஊதினால் பஸ் கிளம்ப வேண்டும் என்பது இந்த மாநிலத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், பாயைத் தவிர. டிரைவர் கிளப்பிவிட்டார்.

கண்டக்டர் டீ கிளாஸோடு பின்னால் ஓடிவந்தார். டீக்கடைக்காரர் கிளாஸுக்காகக் கண்டக்டர் பின்னால் ஓடிவந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் கத்தி நிறுத்தினார்கள்.

"எவன்யா ஊதுனது?"

"நாந்தேன். இவருக்கு டெக்னிக்கல்" என்றார் பாய், பூ மூட்டைக்காரரைக் காட்டி.

"அப்ப எனக்கு என்ன குடுக்கப் போறீரு?"

"நீங்க ஒண்ணும் பண்ணலையே" என்று பாய் நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னார். எங்கள் இருவரையும் இறக்கிவிட்டார்கள். மீதி வழியை வெயிலில் நடந்தே போனோம். வழிநெடுக பாய் அந்தப் பூ மூட்டைக்காரர் கண்ணைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

இனி கடை. திண்டுக்கல்லில் மத்தியானம் பிரியாணி அண்டா முன்னால் எப்படிக் கூட்டம் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாய் கடையில் ஒரு சட்டம். அண்டா மூடியிருக்கிறவரை பந்து செத்தது. தம் உடைத்து மூடியைத் திறந்தால் பந்துக்கு உயிர் வந்துவிட்டது. திறந்த பிறகு தள்ளலாம், நெருக்கலாம், அடுத்தவன் தோளுக்கு மேல் கையை நீட்டலாம். அது ஆட்டம். மூடியிருக்கும்போது ஒருத்தன் இடித்தால் இரண்டு விசில். ஒரு உள்ளங்கையை நிமிர்த்தி, மறு கையை அதன்மேல் படுக்கவைத்து டெக்னிக்கல் என்று காட்டுவார். அப்படி வாங்கியவருக்குப் பிரியாணி உண்டு, அதோடு ஊற்றும் பருப்புக் குழம்பான தால்சா கிடையாது.

தால்சா இல்லாமல் அந்தப் பிரியாணியைத் தின்று பார்த்தவனுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும். பெரிய வக்கீல் ஒருவர் கோட்டோடு வந்து வாங்கியிருக்கிறார். "அப்பீல் இருக்கா பாய்?" என்று கேட்டார். "நாளைக்கு வாங்க" என்றார் பாய். வக்கீல் மறுநாள் வந்து கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்.

நான் அந்தக் கடையில் தால்சாவோடு சாப்பிட்ட நாட்கள் குறைவு.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் டோர்னமென்ட்டை நடத்துவது ஒரு கமிட்டி. அதன் செயலாளர் உரக்கடைக்காரர். எங்கள் டீமுக்கு மேனேஜரும் அவரே, கோப்பைக்குப் பணம் போடுகிறவரும் அவரே. அதனால் மைதானத்தின் நான்கு கோடும் தன்னுடைய வயல் வரப்பு என்று அவருக்கு நினைப்பு. பாய் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திக் கண் பரிசோதனை செய்வது அவருக்குப் பிடிக்காது. இருட்டுவதற்குள் ஆட்டம் முடிவதில்லை என்று எல்லா டீமும் புகார் வேறு. ஃபைனலன்று, எல்லோர் முன்னாலும் அவர் பாயிடம் சொன்னார்.

"பாய், இன்னைக்குச் சீஃப் கெஸ்ட் வாராரு. ஒங்க செத்த பந்து ஆராய்ச்சியை எல்லாம் கடையில வச்சுக்கங்க. ஒரே ஒரு டெக்னிக்கல் குடுத்தீக, அந்த விசிலைக் கழட்டி டேபிள்ல வச்சுட்டுப் போயிறணும். அப்புறம் இந்தக் கிரவுண்டுல ஒங்களுக்கு வேலையில்ல. சம்மதமா?"

பாய் கொஞ்ச நேரம் விசிலைத் தடவிக்கொண்டிருந்தார். "சம்மதம்" என்றார். அந்த மனிதருக்கு அந்த விசிலைத் தவிர வேறு சந்தோஷம் கிடையாது என்பது செயலாளருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

ஃபைனலில் எங்களுக்கு எதிரே ஒட்டன்சத்திரம் டீம். மார்க்கெட்டில் காய் மூட்டை ஏற்றி இறக்குகிற பையன்கள். அதில் ஒருத்தனுக்கு முருங்கை என்று பட்டப்பெயர். உயரமும் அப்படி, ஒல்லியும் அப்படி. ஆட்டம் முழுக்க என்னை அவன்தான் மறித்து ஆடினான். ஆட்டம் முழுக்க நான் அவனைத் திட்டினேன். அவன் "சரிங்கண்ணா" என்றான். திட்டுகிறவனுக்கு இதைவிட எரிச்சல் உண்டா?

கடைசி சில நொடிகள். நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். பந்து என் விரலில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது. பாய் விசில் ஊதினார். பந்து செத்தது. இனி அது அவர்கள் பந்து, அவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலே ஜெயித்துவிடுவார்கள். நான் திரும்பினேன். பின்னால் ஓடிவந்த முருங்கையின் முழங்கை நேராக என் மூக்கில் இறங்கியது. விழுந்தேன். சட்டையெல்லாம் ரத்தம்.

மைதானமே எழுந்து நின்றது. ஏனென்றால் இதற்கு டெக்னிக்கல் கொடுத்தால் எங்களுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. போட்டால் சமம். கொடுக்காவிட்டால் கோப்பை ஒட்டன்சத்திரத்துக்கு.

"டெக்னிக்கல் குடுங்க பாய்!" என்று முதலில் கத்தியது யார் தெரியுமா? செயலாளர்.

பாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான வேணாம்னீக?"

"இப்ப வேணும்யா!"

"வேணும்னா குடுக்கிறதுக்கு அது என்ன தொட்டுக்கிற வெஞ்சனமா?"

என்னிடம் குனிந்தார். "மூக்கு இருக்கா அப்பு?"

"ஒடஞ்சிருச்சு பாய்! வேணும்னே இடிச்சான்! டெக்னிக்கல் குடுங்க!"

"மூக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். இரண்டு கையையும் வீசிக் காட்டினார். டெக்னிக்கல் இல்லை. ஒட்டன்சத்திரம் பந்து.

அவ்வளவுதான். பந்தை உள்ளே எறிந்தார்கள், ஹாரன் அடித்தது, ஆட்டம் முடிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் பாயைச் சொன்ன வார்த்தைகளைப் பத்திரிகையில் எழுத முடியாது. அதில் பாதி நான் சொன்னது. செயலாளர் பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்து பாய் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். பாய் உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தார்.

பாய் எழுந்தார். வேட்டியைத் தட்டினார். ஆமாம், அவர் வேட்டி கட்டித்தான் நடுவராக ஓடுவார், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

"தள்ளிட்டு யாரைப் பாத்தீக?"

செயலாளர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"என்னையப் பாக்கல. கீழ விழுந்தவனைப் பாக்கல. சீஃப் கெஸ்ட் பாக்குறாரான்னு பாத்தீக. நீங்க இந்த டீமு மேனேஜரு. பந்து செத்தாச்சு. டெக்னிக்கல்."

ஆட்டம் முடிந்த பிறகு, கோப்பை மேஜைக்கு வந்த பிறகு, சீஃப் கெஸ்ட் மாலையோடு நிற்கும்போது, பாய் முருங்கையைக் கூப்பிட்டு ஃப்ரீ த்ரோ போடச் சொன்னார்.

"ஏனுங்க பாய், நாங்கதான் ஜெயிச்சுட்டமுங்களே?" என்று முருங்கை நெளிந்தான்.

"ஜெயிச்சது வேற. இது வேற. போடு."

அது வேறு உள்ளே போய்த் தொலைந்தது. ஒரு பாயிண்டில் தோற்ற நாங்கள் இரண்டு பாயிண்டில் தோற்றோம். பிறகு பாய் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். கயிறு தாடியில் சிக்கியது. மெதுவாக எடுத்து, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒரு டெக்னிக்கல் குடுத்துட்டேன். சொன்னது சொன்னதுதேன்" என்றார். போய்விட்டார்.

ஊரே கைதட்டி ஜெயிக்க வைக்கிற டெக்னிக்கலைக் கொடுக்கவில்லை. விசிலைப் பறிகொடுக்கிற டெக்னிக்கலைக் கூப்பிட்டுக் கொடுத்தார். இவரை என்ன செய்வது?

நான் கடைக்குப் போவதை நிறுத்தினேன். மூக்குக்குக் கட்டுப் போட்ட நாளெல்லாம் அவரைத் திட்டினேன். யாரோ செல்லில் எடுத்த வீடியோ எனக்கும் வந்தது. காயில் சுற்றும்போது அதை ஓடவிட்டுப் பார்ப்பேன். கோபம் ஆறிவிடக் கூடாது என்றுதான் பார்த்தேன். முழங்கை வருகிறது, நான் விழுகிறேன், முழங்கை வருகிறது, நான் விழுகிறேன். ஒருநாள் செல் தவறி விழுந்து படம் பாதியில் நின்றது. எடுத்துப் பார்த்தேன். முழங்கை பட்ட மறு நொடி அது. மைதானத்தில் எல்லோரும் பாயைப் பார்க்கிறார்கள். கீழே கிடக்கிற நானும் பாயைத்தான் பார்க்கிறேன். முருங்கை மட்டும் என்னைப் பார்க்கிறான். குனிந்து கையை நீட்டுகிறான். நான் அதைத் தட்டிவிடுவதற்கு முந்திய நொடி.

செல்லை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அன்றைக்குக் கட்டிய காயில் சரியாக வரவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். அங்கே வேறு ஊர் மாதிரி இருந்தது. அண்டா மூடியிருக்கிறது, ஆள் மேல் ஆள் ஏறி நிற்கிறான். ஒருத்தன் என் விலாவில் இடித்தான். நான் பாயைப் பார்த்தேன். அவர் கழுத்தைத் தடவினார். அங்கே ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பேசாமல் தால்சா ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். அப்படிக் கிடைத்த தால்சாவைத் தட்டில் ஒதுக்கிவைத்தேன்.

"பாய், அது டெக்னிக்கல்" என்றேன்.

"தெரியும் அப்பு. சாப்புடு."

அடுத்த டோர்னமென்ட்டுக்குப் புது நடுவரைக் கொண்டுவந்தார்கள். டிப்டாப்பான பையன். பந்து செத்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அவன் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் முதல் மேட்சிலேயே இரண்டு பேருக்குப் பல் ஆடியது. அன்று சாயங்காலம் ஒட்டன்சத்திரத்திலிருந்து செயலாளருக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தப் பாய் ஊதுனாத்தானுங்க நாங்க வருவோம். இல்லீன்னா கோப்பையை நீங்களே வச்சுக்குங்க."

"அவருதான்யா ஒங்களுக்கு ஆட்டத்தை இழுத்தடிச்சாரு?"

"இழுக்கட்டுமுங்க. பல்லு முக்கியமுங்களே."

மறுநாள் மத்தியானம் செயலாளர் பாய் கடைக்குப் போனார். நானும் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். விசில் இத்தனை நாளும் அவருடைய உரக்கடை மேஜை டிராயரில் கிடந்திருக்கிறது. அண்டா மூடியிருந்தது. நீண்ட வரிசை. செயலாளர் எந்தக் காலத்தில் வரிசையில் நின்றார்? இரண்டு பேரை இடித்துக்கொண்டு முன்னால் போய் விசிலை நீட்டினார்.

"பாய், பழசை மறந்துருங்க. புடிங்க."

பாய் வாங்கினார். முகர்ந்து பார்த்தார். "யூரியா வாசம் அடிக்குது" என்றார். வெந்நீரில் முக்கி எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார். கழுத்தில் மாட்டினார். வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார்.

"ரெண்டு பேரை இடிச்சுட்டு வந்தீக. அண்டா மூடித்தேன் இருக்கு. டெக்னிக்கல். தால்சா கெடையாது."

கடை முழுக்க விசிலடித்தது. செயலாளர் வெறும் பிரியாணியை விக்கிக்கொண்டு தின்றார்.

அந்த டோர்னமென்ட்டில் பாய் ஊதிய முதல் ஆட்டம், எங்களுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும். நடுவட்டத்தில் பந்தோடு வந்து நின்றார், அதே வேட்டி, அதே வெங்காய வாசம். எனக்கு அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் திட்டத்தான் வரும், மற்றது வராது.

"பாய், அன்னைக்கு அந்த முருங்கைப் பய..."

"பேச்சு எதுக்கு? போயி நில்லு."

போய் நிற்கவில்லை. என்ன நினைத்தேனோ, அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

காதுக்குப் பக்கத்தில் இரண்டு விசில். ஒரு உள்ளங்கையை நிமிர்த்தி, மறு கையைப் படுக்கவைத்தார். "பந்து இன்னும் மேல போகல. செத்த பந்து. நடுவரைத் தொட்டுட்ட. டெக்னிக்கல்."

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எங்களுக்கு எதிராக ஃப்ரீ த்ரோ. முருங்கை சிரித்துக்கொண்டே கோட்டுக்குப் போனான். எங்கள் பெஞ்சிலிருந்து செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். வாயில் வந்த கெட்ட வார்த்தையை முழுங்கிக்கொண்டு, பாய் கற்றுக்கொடுத்ததையே செய்தேன். ஊதி முடித்ததும் அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன்.

பந்தைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தது.